'விரைவில் வரும்' வசதிக்கு இன்னைக்கே சந்தா கட்டாதீங்க

1/
கொஞ்சம் நீளமான திரெட். பொறுமையா வாசிங்க.

இருங்காட்டுக்கோட்டை சிப்காட் பக்கத்துல ஒரு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிறேன். போன மாசம் ரிவ்யூவுக்கு வந்த ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டார். பதில் சொல்ல அப்ப நேரம் இல்ல, வெளியே ஓ.பி. சீட்டோட நூறு பேர் நின்னாங்க. அதான் இங்க எழுதறேன். அவர் யாருன்னு தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

2/
அவருக்கு வயசு 41. கார் பாகம் செய்யற கம்பெனி ஒண்ணுல ஆபரேட்டர். சில மாசம் முன்னாடி, நைட் ஷிப்ட், விடியகாலை நாலரை மணி. கையில இருந்த டூல் நழுவி விழுந்திருக்கு. குனிஞ்சு எடுக்கப் பார்த்தா விரல் பிடிக்கல. பக்கத்துல நின்ன பையன் "அண்ணே, உங்க வாய் ஒரு பக்கமா கோணுது"ன்னு கத்தியிருக்கான். கம்பெனி ஆம்புலன்ஸ்ல எங்ககிட்ட வந்தார்.

3/
அன்னைக்கு நைட் டூட்டி நான் தான். பி.பி. 210/120. வலது கை, வலது காலில் வலு இல்லை. பேச்சு குழறுது. பார்த்தவுடனே தெரிஞ்சது, பக்கவாதம். முதல் சிகிச்சை கொடுத்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். அங்க சி.டி. எடுத்ததுல மூளைக்குள்ள ரத்தக்கசிவு.

4/
ஆம்புலன்ஸ் கிளம்பறதுக்கு முன்னாடி அவர் மனைவிகிட்ட கேட்டேன்.

"இவருக்கு முன்னாடியே பி.பி. இருக்காம்மா?"

"ஒன்றரை வருஷம் முன்னாடி கம்பெனி கேம்ப்ல இருக்குன்னு சொன்னாங்க சார். மூணு மாசம் மாத்திரை போட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் வாட்ச் வாங்கிட்டாரு சார்."

5/
எனக்குப் புரியல. அப்புறம் தான் விளக்கினாங்க. தவணையில ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கியிருக்கார். அதோட ஆப்ல 'பிரீமியம்' சந்தா எடுத்தா பி.பி.யை மணிக்கட்டிலேயே பார்த்துக்கலாம்னு விளம்பரம். அதுக்குக் கீழே சின்ன எழுத்துல 'விரைவில்'. இவர் பெரிய எழுத்தை நம்பி வருஷ சந்தா கட்டிட்டார்.

6/
அப்டேட் வரல. மாசம் ஒரு தடவை ஆப்பைத் திறந்து பார்ப்பாராம். பி.பி.ன்னு போட்ட கட்டம் இருக்கும், பூட்டுப் படத்தோட. கஸ்டமர் கேர்ல கேட்டா "அடுத்த அப்டேட்ல வந்துடும் சார்". வீட்டுல "ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு தடவை பார்த்துட்டு வாங்க"ன்னு சொன்னப்ப எல்லாம் அவர் சொன்ன பதில்: "இரு, வாட்ச்ல வந்துடும். கூட இருந்தா போறேன்."

7/
இங்க நியாயமா பேசணும். வாட்ச் தான் ஸ்ட்ரோக்குக்குக் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். மாத்திரையை நிறுத்தினது அவர். ஒரு நாள் ஓ.பி.க்கு வந்தா ஒரு நாள் சம்பளம் போகுது, அதுவும் ஒரு காரணம். 'தலைவலி இல்லையே, அப்ப பி.பி. இல்ல'ங்கிற பழைய நம்பிக்கை இன்னொரு காரணம். ஆனா 'பார்த்துக்கலாம்'னு தள்ளிப் போடறதுக்கு ஒரு நல்ல சாக்கு தேவைப்பட்டது. அந்தச் சாக்கைத் தான் இவர் காசு கொடுத்து வாங்கினார்.

8/
போன மாசம் நடந்து தான் வந்தார். அதுவே பெரிய விஷயம். ஆனா வலது கைப் பிடி இன்னும் முழுசா வரல. லைன்ல நிக்க முடியாது, ஸ்டோர்ல உட்கார வச்சிருக்காங்க. ஓவர்டைம் கிடையாது. மொபைலை எடுத்து ஒரு மெசேஜ் காட்டினார். அவர் வார்டுல படுத்திருந்த வாரம், அந்த வாட்ச் ஆப் அடுத்த வருஷச் சந்தாவைத் தானாவே எடுத்திருக்கு.

"சார், அவங்க கொடுக்காத ஒண்ணுக்கு ரெண்டு தடவை காசு கட்டியிருக்கேன். இது எப்படி சார் சரி?"

இது தான் கேள்வி.

9/
முதல்ல நானும் இதுல யோக்கியன் இல்லன்னு சொல்லிடறேன். ரெண்டு வருஷம் முன்னாடி டாக்டர்களுக்கான ஒரு ஆப்புக்கு வருஷ சந்தா கட்டினேன். "தமிழ்ல பேசினா கேஸ் ஷீட் தானா எழுதிக் கொடுக்கும், விரைவில்"னு போட்டிருந்தாங்க. ஓ.பி.யில ஒரு நாளைக்கு இருநூறு பேருக்குக் கையால எழுதற எனக்கு அது அமிர்தம் மாதிரி தெரிஞ்சது. 'ஆரம்ப உறுப்பினர் சலுகை'ன்னு வேற. ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் கையால தான் எழுதறேன்.

10/
எம்.பி.பி.எஸ். படிச்ச நானே ஏமாந்தேன்னா பத்தாவது முடிச்சு ஐ.டி.ஐ. போன மனுஷனைக் குத்தம் சொல்ல எனக்கு என்ன தகுதி? ஏன்னா இது படிப்பு சம்பந்தப்பட்டது இல்லை. நமக்கு ரொம்பத் தேவையான ஒண்ணை 'இதோ வருது'ன்னு யாராவது சொன்னா, மனசு அதை 'வந்துடுச்சு'ன்னு எழுதிக்கும்.

11/
இது ஏதோ பேர் தெரியாத கம்பெனிகள் மட்டும் செய்யற வேலைன்னு நினைக்காதீங்க. உலகத்துக்கே தெரிஞ்ச பெயர்களைப் பார்ப்போம். ஒண்ணு மோதிரம், ஒண்ணு ஸ்கூட்டர், ஒண்ணு போன். மூணுமே செய்தியில வந்தவை தான்.

12/
மோதிரம். பின்லாந்து கம்பெனி ஓரா. தூக்கம், இதயத் துடிப்பு எல்லாம் அளக்கிற மோதிரம். 2021 அக்டோபர்ல மூணாவது தலைமுறை மோதிரத்தை 299 டாலருக்கு அறிவிச்சாங்க. அதுவரைக்கும் சந்தா இல்ல. இப்ப முதல் ஆறு மாசம் இலவசம், அப்புறம் மாசம் 5.99 டாலர். ஆனா அறிவிச்ச முக்கிய வசதிகள்ல சில, மோதிரம் கைக்கு வந்தப்ப அதுல இல்ல. உடற்பயிற்சி நேரத்து இதயத் துடிப்பு, தூக்கத்துல ரத்த ஆக்சிஜன் அளவு எல்லாம் 2022ல தான் வந்தது.

13/
முதல்ல வாங்கினவங்களுக்கு ஏன் கோபம் வந்ததுன்னு பாருங்க. ஆறு மாச இலவசம்ங்கிறது வசதியைப் பழகிப் பார்த்து, வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணத் தான். வசதியே வராம அந்த ஆறு மாசத்துல பெரும்பகுதி ஓடினா எதை வச்சு முடிவு பண்றது? சந்தாக் கடிகாரம் முதல் நாளே ஓட ஆரம்பிச்சுடுச்சு. வசதிக்கான கடிகாரம் ஓடல.

14/
அடுத்து ஸ்கூட்டர். இது நம்ம ஊர். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில தொழிற்சாலை வச்ச ஓலா, 2021 ஆகஸ்ட் 15 அன்னைக்கு மின்சார ஸ்கூட்டரை அறிமுகம் செஞ்சது. எஸ் ஒன் விலை 99,999 ரூபாய். எஸ் ஒன் ப்ரோ 1,29,999 ரூபாய். முப்பதாயிரம் கூடக் கொடுத்து ப்ரோ வாங்கறவங்களுக்குச் சொன்ன வசதிகள்ல முக்கியமானவை குரூஸ் கன்ட்ரோல், ஏத்தத்துல வண்டி பின்னாடி உருளாம பிடிக்கிற ஹில் ஹோல்ட்.

15/
டிசம்பர் 2021ல வண்டிகள் கைக்கு வர ஆரம்பிச்சது. இந்த வசதிகள் அதுல இல்ல. அப்டேட்ல வரும்னாங்க. குரூஸ் கன்ட்ரோலும் வழிகாட்டும் மேப்பும் 2022 ஜூன் மாசம் வந்த மூவ் ஓ.எஸ். 2ல கிடைச்சது. ஹில் ஹோல்ட் அதுக்கும் அடுத்த பதிப்புல, 2022 கடைசியில. வந்தது, உண்மை. ஆனா வாங்கினவர் தவணை முதல் மாசத்துல இருந்தே முழுசா கட்டினார். 'ஹில் ஹோல்ட் வர்ற வரைக்கும் கொஞ்சம் குறைச்சுக் கட்டுங்க'ன்னு எந்த பேங்கும் சொல்லல.

16/
மூணாவது போன். இதுவும் நம்ம பக்கத்து வேலை தான். சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலையில அசெம்பிள் ஆகிற ஐபோன். ராத்திரி பத்து மணிக்கு இந்த ரோட்டுல நின்னா, வரிசையா போற கம்பெனி பஸ்கள்ல பாதிப் பேர் ஜன்னல்ல சாஞ்சு தூங்கிட்டுப் போற பொண்ணுங்க. அவங்கள்ல பலர் தோள் வலி, ரத்தசோகைன்னு எங்க ஓ.பி.க்கு வர்றவங்க தான்.

17/
2024 ஜூன்ல ஆப்பிள், சிரி இனிமே உங்க மெயில், மெசேஜ், காலண்டர் எல்லாத்தையும் புரிஞ்சு பதில் சொல்லும்னு காட்டினாங்க. செப்டம்பர்ல ஐபோன் 16 வித்தப்ப அதை வச்சே விளம்பரம் செஞ்சாங்க. 2025 மார்ச்ல, எதிர்பார்த்ததை விட நேரம் எடுக்குதுன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அந்த விளம்பரத்தையும் எடுத்துட்டாங்க. அதே மாசம் அமெரிக்காவுல வாங்கினவங்க கோர்ட்டுக்குப் போனாங்க.

18/
இதுல தனி சந்தா இல்லையேன்னு கேட்கலாம். இல்ல தான். ஆனா புது மாடலோட விலைக்குள்ள அந்த வாக்குறுதியும் இருந்தது. அந்த போனைத் தயாரிச்ச கைகளைப் பாருங்க. அன்னன்னைக்கு எண்ணிக்கை முடிச்சே ஆகணும். "மீதியை அடுத்த அப்டேட்ல பண்றேன்"னு லைன்ல ஒரு பொண்ணு சூப்பர்வைசர்கிட்ட சொல்ல முடியுமா? செய்யறவங்களுக்கு இருக்கிற கெடு, வாக்குக் கொடுக்கிறவங்களுக்கு ஏன் இல்ல?

19/
இப்ப எதிர்த் தரப்பையும் கேட்போம், அதுலயும் நியாயம் இருக்கு. மென்பொருள் செய்யறது இட்லி சுடறது மாதிரி இல்ல. இத்தனை மணிக்கு வெந்துடும்னு சொல்ல முடியாது. அவசரப்பட்டு விட்டா ஆபத்து. அதுவும் உடம்பு சம்பந்தப்பட்டதுன்னா தாமதமா வர்றது தான் சரி. டாக்டரா இதை நானே சொல்லுவேன்.

20/
உதாரணம் ஆப்பிள் வாட்ச். 2018 செப்டம்பர்ல வந்த நாலாவது சீரிஸ்ல இ.சி.ஜி. எடுக்கிற வசதி உண்டு. அமெரிக்காவுல அதே டிசம்பர்ல ஆன் பண்ணினாங்க. இந்தியாவுல ஆன் ஆனது 2019 செப்டம்பர்ல. ஒரு வருஷம், சென்சார் கையில இருந்தும் பயன்படுத்த முடியல. இப்படி ஒரு வசதிக்கு நாட்டுக்கு நாடு தனித்தனியா அனுமதி வாங்கணும். இந்த மாதிரித் தாமதம் மேல எனக்குக் கோபம் இல்ல. சோதிச்சுப் பார்த்துட்டுத் தரட்டும்.

21/
ஆக, தாமதம் தப்பில்ல. தாமதம் ஆகற பொருளுக்கு முன்னாடியே காசு வாங்கறது தான் பிரச்சினை. வாங்கின காசுக்குத் தேதியும் கிடையாது, திருப்பித் தர்ற பேச்சும் கிடையாது. சுருக்கமா சொன்னா, நீங்க அந்தக் கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கீங்க. பத்திரம் இல்ல, கெடு இல்ல, சாட்சி இல்ல. நம்ம ஊர்ல கந்து வட்டிக்காரர் கூட ஒரு நோட்டுல எழுதி வச்சுப்பார்.

22/
என் தொழில்ல இதை யோசிச்சுப் பாருங்க. ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்துட்டு, "இப்போதைக்கு இது பி.பி.யைக் குறைக்காது. தீபாவளிக்குள்ள அந்தச் சக்தி வந்துடும். ஆனா மருந்துக் காசை இன்னைக்கே கட்டிடுங்க"ன்னு நான் சொன்னா என்ன செய்வீங்க? சட்டையைப் பிடிப்பீங்க. பிடிக்கணும். அதே வார்த்தையை ஒரு ஆப் சொன்னா 'ஆரம்ப உறுப்பினர்'னு பட்டம் வாங்கிட்டு வர்றோம்.

23/
"முதல்ல சந்தா கட்டறவங்க இல்லன்னா புதுசா எதுவும் உருவாகாதே டாக்டர்?"னு ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆபத்தைத் தெரிஞ்சே காசு போடறவங்க இருக்காங்க, அவங்களுக்கு நான் எதுவும் சொல்லல. ஆனா அதுக்குப் பேர் முதலீடு. முதலீடு செய்யறவருக்கு 'இது வராமலும் போகலாம்'னு கொட்டை எழுத்துல சொல்லணும். வாங்கறவருக்கு வாங்கின அன்னைக்கே பொருள் கிடைக்கணும். வாங்க வந்தவரை அவருக்கே தெரியாம முதலீட்டாளர் ஆக்கறது தான் நடக்குது.

24/
உடம்பு சம்பந்தப்பட்ட வசதிகள்ல இது இன்னும் ஒரு படி மோசம். ஹில் ஹோல்ட் தாமதமானா எரிச்சல். மேம்பாலத்துல காலை ஊனி நின்னுக்கலாம். சிரி தாமதமானா ஏமாற்றம். பி.பி. பார்க்கிற வசதி தாமதமானா, அந்த இடைவெளியில பி.பி. நமக்காகக் காத்திருக்காது. ரத்தக்குழாய்க்கு 'விரைவில்'ங்கிற வார்த்தை தெரியாது.

25/
இன்னொரு உண்மை. அந்த வசதி வந்திருந்தாலும் அவரைக் காப்பாத்தியிருக்குமான்னு எனக்குச் சந்தேகம் தான்.

நாங்க கையில பட்டை கட்டிப் பார்க்கிற கருவி, ரத்தக்குழாயை அமுக்கி, விடுவிச்சு அழுத்தத்தை அளக்குது. பெரும்பாலான வாட்ச்களுக்கு அடியில இருக்கிறது பச்சை விளக்கு. தோலுக்குள்ள ரத்தம் துடிக்கிறதை ஒளி வச்சுப் பார்த்து, கணக்குப் போட்டு, பி.பி. இவ்வளவு இருக்கலாம்னு ஊகிக்குது. துடிப்பை எண்ண இது நல்ல முறை. அழுத்தத்தைச் சொல்ல ரொம்பக் கஷ்டமான முறை.

26/
அதனால தான் சாம்சங் வாட்ச்ல பி.பி. பார்க்கணும்னா கூட, முதல்ல பட்டை கட்டற கருவியில பார்த்து அந்த அளவைக் கொடுக்கணும். அதையும் 28 நாளைக்கு ஒரு தடவை திரும்பச் செய்யணும். அதாவது வாட்ச் வாங்கினாலும் பட்டைக் கருவி வேணும். அப்ப பட்டைக் கருவியை மட்டும் வாங்கினா போதாதா? நல்ல டிஜிட்டல் கருவி ரெண்டாயிரம் ரூபாய் வாக்குல கிடைக்குது. சந்தாவும் கிடையாது.

27/
சுகர் விஷயத்துல இன்னும் ஜாக்கிரதை. தோலைக் குத்தாமலே சுகர் பார்க்கும்னு சொல்ற வாட்ச், மோதிரம் எதுக்கும் தான் அனுமதி கொடுக்கலன்னு 2024 பிப்ரவரியில அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. வெளிப்படையா எச்சரிச்சது. தப்பான அளவை நம்பி இன்சுலின் போட்டா சுகர் சட்டுன்னு இறங்கி நினைவு தப்பலாம், உயிரே போகலாம். 2025 ஜூலையில, சந்தா முறையில விக்கிற ஊப் கம்பெனிக்கு அதோட பி.பி. வசதியை அனுமதி இல்லாம கொடுத்ததுக்காக அதே எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிச்சது.

28/
இந்தியாவுலயும் 2020 ஏப்ரல் 1ல இருந்து, நோயைக் கண்டுபிடிக்கப் பயன்படற மென்பொருளும் மருத்துவக் கருவிங்கிற வரையறைக்குள்ள வருது. ஆனா பெட்டிக்குள்ள பாருங்க. 'இது மருத்துவக் கருவி அல்ல, பொது ஆரோக்கியத்துக்கு மட்டும்'னு எறும்பு சைஸ் எழுத்துல இருக்கும். விளம்பரத்துல டாக்டர் கோட் போட்டவர் நிப்பார், பெட்டிக்குள்ள டாக்டர் இல்லன்னு எழுதியிருக்கும். ரெண்டுல எது உண்மை? பெட்டிக்குள்ள இருக்கிறது.

29/
சரி, என்ன செய்யலாம்? முதல்ல நாம செய்ய வேண்டியது.

ஒண்ணு: 'விரைவில்', 'கமிங் சூன்', 'அடுத்த அப்டேட்ல' இந்த மூணுல எது இருந்தாலும் அந்த வசதியை மனசுக்குள்ள அடிச்சுடுங்க. அது இல்லாமலே இந்த விலை கொடுப்பேனான்னு கேளுங்க. ஆமான்னா வாங்குங்க. இல்லன்னா வந்த பிறகு வாங்கிக்கலாம். வந்த பிறகு கடையில கிடைக்காமலா போகும்?

30/
ரெண்டு: வருஷ சந்தா மலிவுன்னு கட்டாதீங்க. முதல்ல ஒரு மாசம் மட்டும் கட்டிப் பாருங்க. வருஷத்துக்குக் கட்டினா உங்க கோபத்துக்கு அடுத்த வருஷம் வரைக்கும் மதிப்பு கிடையாது. மாச சந்தாக்காரர் கிளம்பினா தான் கம்பெனிக்கு வலிக்கும்.

மூணு: வாங்கற அன்னைக்கே விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. பின்னாடி அந்தப் பக்கம் சத்தமில்லாம மாறிடும்.

31/
நாலு: ஆட்டோ டெபிட். ரிசர்வ் வங்கி விதிப்படி 2021 அக்டோபர்ல இருந்து, தானா காசு எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி உங்களுக்குத் தகவல் வரணும். நிறுத்தற வழியும் இருக்கணும். அந்த மெசேஜ் வர்றது. நாம தான் விளம்பர மெசேஜோட சேர்த்துத் தள்ளிடறோம். இன்னைக்கே யு.பி.ஐ. ஆப்ல 'ஆட்டோபே'ன்னு ஒரு பகுதி இருக்கும், திறந்து பாருங்க. மறந்து போன சந்தா ஒண்ணாவது இருக்கும். எனக்கு மூணு இருந்தது.

32/
அஞ்சு: புகார் கொடுங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல தவறா வழிநடத்தற விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரைக்கும், திரும்பச் செஞ்சா ஐம்பது லட்சம் வரைக்கும் அபராதம் உண்டு. வெளியே வர விடாம மாட்டி வைக்கிற 'சந்தாப் பொறி'யை 2023 நவம்பர் 30 அன்னைக்கு வந்த வழிகாட்டுதல்ல தடை செஞ்சிருக்காங்க.

33/
"1915ல சொன்னா என்ன நடக்கும் சார்"னு கேட்பீங்க. 2023 செப்டம்பர்ல இருந்து ஒரு வருஷத்துல ஓலா மின்சார ஸ்கூட்டர் பத்தி அந்த எண்ணுக்கு 10,644 புகார் போயிருந்தது. பெரும்பாலும் சர்வீஸ், டெலிவரி சம்பந்தப்பட்டவை. அதை வச்சுத் தான் 2024 அக்டோபர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பிச்சது. 99.1 சதவீதம் தீர்த்துட்டோம்னு கம்பெனி பதில் சொன்னது. யார் சொல்றது சரிங்கிறது வேற விஷயம். ஒவ்வொருத்தரும் எண்ணிக்கையில ஒருத்தரா சேர்ந்ததால தான் அந்தக் கேள்வியே எழுந்தது.

34/
தீரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். அஞ்சு லட்சம் ரூபாய் வரைக்கும் கொடுத்து வாங்கின பொருளுக்கு மனு போடக் கட்டணமே இல்ல. வக்கீல் வச்சே ஆகணும்னும் இல்ல, நீங்களே வாதாடலாம். ரெண்டாயிரம் ரூபாய் சந்தாவுக்காக யார் அலையறதுங்கிற அலுப்பு தான் கம்பெனிகளுக்கு இருக்கிற பெரிய பாதுகாப்பு.

35/
அரசாங்கத்துகிட்ட நான் கேட்கறது மூணே மூணு.

விளம்பரத்துல 'இன்னைக்கு இருக்கு', 'இன்னும் வரல'ன்னு ரெண்டு கட்டம், ஒரே எழுத்து அளவுல இருக்கணும்.

வராத வசதிக்குச் சந்தாக் காலம் ஓடக் கூடாது. வசதி ஆன் ஆன அன்னைக்குத் தான் நாள் கணக்கு தொடங்கணும். சொன்ன தேதி தாண்டினா, கேட்காமலே பணம் திரும்பணும்.

உடம்பு அளக்கிற வசதியா இருந்தா, அனுமதி வாங்கற வரைக்கும் விளம்பரத்துல பேரே வரக் கூடாது. 'விரைவில்'னு கூட.

36/
இப்ப டாக்டரா ஒரு அஞ்சு நிமிஷம்.

பி.பி. பார்க்க எந்தப் பிரீமியமும் வேண்டாம். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துலயும், அரசு மருத்துவமனையிலயும் இலவசம். மாத்திரையும் இலவசம். இ.எஸ்.ஐ. இருக்கிறவங்க டிஸ்பென்சரியில பார்க்கலாம். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறாங்க. இந்த அப்டேட் ஏற்கனவே வந்துடுச்சு.

37/
வீட்டுல பார்க்கிறதா இருந்தா: அரை மணி நேரம் முன்னாடி டீ, காபி, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழிச்சுட்டு, அஞ்சு நிமிஷம் சாஞ்சு உட்காருங்க. காலைத் தொங்கப் போடாம தரையில ஊனுங்க. கை நெஞ்சு உயரத்துல மேஜை மேல. பேசாம ரெண்டு தடவை பாருங்க. வெவ்வேறு நாள்ல திரும்பத் திரும்ப 140/90க்கு மேல இருந்தா டாக்டரைப் பாருங்க. நைட் ஷிப்ட் முடிச்ச கையோட பார்க்காதீங்க. தூங்கி எழுந்து பாருங்க.

38/
பி.பி.க்குப் பெரும்பாலும் அறிகுறி இருக்காது. தலைவலி வந்தா தான் பி.பி.ங்கிறது தப்பு. மாத்திரை போட்டு 120/80க்கு வந்துட்டா குணமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். டாக்டரைக் கேட்காம நிறுத்தாதீங்க.

வாய் கோணல், கை கால் வலுவிழக்கறது, பேச்சு குழறல், இதுல எது வந்தாலும் 108. காத்திருக்காதீங்க.

39/
அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன்? அன்னைக்குப் பெரிசா ஒண்ணும் சொல்லல. அவர் மொபைலை வாங்கி அந்த ஆட்டோபேயை நிறுத்திக் கொடுத்தேன். 1915 எண்ணை ஓ.பி. சீட்டுக்குப் பின்னாடி எழுதினேன். பி.பி. பார்த்தேன், 134/84. "மாத்திரை சரியா போடறீங்களாண்ணே?"ன்னு கேட்டேன். இடது கையால சட்டைப் பையில இருந்து அட்டையை எடுத்துக் காட்டினார்.

40/
போகும்போது கேட்டார்: "அந்தப் பணம் திரும்ப வருமா சார்?"

"போன் பண்ணுங்கண்ணே. வந்தாலும் வரலன்னாலும் போன் பண்ணுங்க"ன்னு சொன்னேன்.

பண்ணியிருக்கார். புகார் எண் வந்திருக்குன்னு நேத்து மெசேஜ் போட்டார். பணம் இன்னும் வரல.

இந்த பதிவை நைட் ஷிப்ட் போற உங்க வீட்டு ஆளுக்கு அனுப்புங்க. அதோட, கடைசியா எப்ப பி.பி. பார்த்தீங்கன்னும் கேளுங்க.